பதினாறு வயதும் இருபது வாரமும்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம், ஏரியூர் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். தெருவுக்கே அவர் நர்ஸக்கா. போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவரை உட்காரவைத்து ‘ஜூனோ’ என்ற அமெரிக்கப் படத்தைப் போட்டேன். அதன் நாயகி ஜூனோ பேசும் வேகத்துக்கு எனக்கே மூச்சு வாங்கும். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடக்கத்திலேயே 16 வயதான அவள் பெரிய கேன் நிறைய ஆரஞ்சு பானத்தைக் குடித்தபடி கடைக்கு நடந்து போகிறாள். கர்ப்பம் பார்க்கும் அட்டையை வாங்கி அந்தக் கடைக் கழிப்பறையிலேயே சோதித்துப் பார்க்கிறாள். அன்றைக்கு அது மூன்றாவது சோதனை. கடைக்காரர் கிண்டலடிக்கிறார். நர்ஸக்கா ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினார்.

“கடைக்காரன் யாரு, சொந்தக்காரனா?”

இல்லை என்றேன்.

“நம்மூரு மெடிக்கல்ல இந்தப் புள்ள கார்டு கேட்டிருந்தா, இவ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அப்பனுக்கு போன் போயிருக்கும் தம்பி.”

பிறகு படம் ஓடியது. ஆனால் எனக்குப் படம் அந்த இடத்திலேயே நின்றுபோனது. யாருக்கு முதலில் தெரிகிறது, தெரிந்த பிறகு அவள் கையில் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு பார்த்தால், மினசோட்டாவில் நடக்கும் கதைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரியில் நடப்பவற்றுக்கும் உள்ள தூரம் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

படம் வந்தது 2007-இல். இயக்கியவர் ஜேசன் ரைட்மேன். டயாப்லோ கோடி எழுதிய முதல் திரைக்கதை இது; 2008-இல் அதற்கே ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த படத்துக்கான பட்டியலிலும் இடம் இருந்தது. ஜூனோவாக நடித்தவர் எலியட் பேஜ். கதை சிறியது. ஜூனோவும் அவளுடைய நண்பன் பாலீ ப்ளீக்கரும் ஒரு நாள் சேர்ந்துவிடுகிறார்கள், அவள் கர்ப்பமாகிறாள். கலைத்துவிடலாம் என்று கிளினிக்குக்குப் போகிறாள். வாசலில் எதிர்ப்புப் பலகையோடு நிற்கும் வகுப்புத் தோழி, உள்ளே இருப்பதற்கு நகம்கூட முளைத்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்கிறாள். காத்திருக்கும் அறையில் யாரைப் பார்த்தாலும் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பதாகவே ஜூனோவுக்குத் தெரிகிறது. எழுந்து வந்துவிடுகிறாள். குழந்தையைப் பெற்று யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்து, விளம்பரத்தில் ஒரு தம்பதியைத் தேடிப் பிடிக்கிறாள். அந்தக் கணவனோ நடுவில் மனைவியை விட்டுப் போகிறான். ஜூனோ ஒரு சாலையோரம் வண்டியை நிறுத்தி அழுது தீர்த்துவிட்டு, அந்த மனைவிக்கே குழந்தையைத் தருவதாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டு வருகிறாள்.

இலையுதிர்காலம், குளிர், வசந்தம், கோடை என்று படம் நான்கு பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பிரிப்பு அழகுக்காக வைத்தது என்று முன்பு நினைத்திருந்தேன். இந்த முறை அப்படித் தோன்றவில்லை. முதலில் தோழி, பிறகு பையன், பிறகு கிளினிக், அதன் பிறகுதான் அப்பாவும் சித்தியும். இந்த வரிசையை அவளே வைத்துக்கொள்கிறாள். ஒரு முடிவெடுக்கிறாள், மாற்றிக்கொள்கிறாள், தப்பான ஆளை நம்புகிறாள், தெளிகிறாள். நான்கு பருவமும் அவளுக்கே சொந்தமாக இருக்கிறது. பெரிய வயிற்றோடு பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கிறாள். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டு முறைக்கிறார்கள், ஆனாலும் அவள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். யூனிபார்மில் அப்படியொரு பெண்ணை நம் மாவட்டத்துப் பள்ளி எதிலும் நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

(நம் சினிமாவில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. பெண் மயங்கி விழுவாள். யாரோ நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சபையைப் பார்ப்பார். அவளுக்கே தெரியாத செய்தி சபைக்கு முதலில் தெரிந்துவிடும். அதை யாரும் விசித்திரமாக நினைத்ததே இல்லை.)

படம் வெளிவந்த மறு வருடம் அமெரிக்காவில் ஒரு பேச்சு கிளம்பியது. இந்த மாதிரிப் படங்கள் பள்ளிப் பெண்களைக் கர்ப்பமாகத் தூண்டுகின்றன என்றார்கள். ‘ஜூனோ விளைவு’ என்று பெயர்கூட வைத்தார்கள். கணக்கு வேறு கதை சொன்னது. 15 முதல் 19 வயதுள்ள ஆயிரம் பெண்களுக்கு 1991-இல் அங்கே 61.8 பிரசவங்கள். படம் வந்த 2007-இல் 41.5. 2022-இல் அது 14-க்கும் கீழே இறங்கிவிட்டது. முக்கியக் காரணம் கருத்தடைச் சாதனங்கள் அந்த வயதினர் கைக்கும் எட்டியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். படம் பார்த்துப் பிள்ளை பெற்றுக்கொள்வார்கள் என்ற பயத்தில், பெண்பிள்ளைகள் எதையும் சுயமாக எடைபோட மாட்டார்கள் என்ற எண்ணம்தான் அதிகம் தெரிகிறது.

இனி நம் கணக்கு. 2019–21 காலத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணம் முடித்தவர்கள். தமிழ்நாட்டில் அது 12.8 சதவீதம், ஏறக்குறையப் பாதி. மார் தட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறதா? அதே ஆய்வின் அடுத்த வரியைப் பாருங்கள். 15 முதல் 19 வயதுக்குள் தாயாகிவிட்ட அல்லது கர்ப்பமாக இருந்த பெண்கள்: இந்தியா 6.8 சதவீதம், தமிழ்நாடு 6.3 சதவீதம். திருமணத்தில் இருந்த அந்தப் பெரிய இடைவெளி கர்ப்பத்தில் காணாமல் போய்விடுகிறது.

எங்கே போனது? இந்த 15–19-க்குள் சட்டப்படி மணமான 18, 19 வயதுக்காரர்களும் அடக்கம் என்பது ஒரு பாதி விடை. மறுபாதியை நர்ஸக்கா சொன்னார். நம்மூரில் 18 முடிந்த கையோடு தாலி, தாலி ஏறிய கையோடு பிள்ளை. மூன்று மாதம் ஆனால் பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிடுவாள், “ஏதாச்சும் விசேஷம் உண்டா?” ஆறு மாதம் ஆனால் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். முதல் பிள்ளையைத் தள்ளிப்போடச் சொல்லி மாத்திரை அட்டையை நீட்டினால் மாமியார் அதை வாங்கி அடுப்பில் போட்டது உண்டாம். “வயச 18-க்கு நகர்த்திட்டோம் தம்பி, அவசரத்தக் கொறைக்கல.”

அவசரம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்த இரண்டு மாவட்டங்களையும் சுற்றி வரலாம். 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. குழந்தைத் திருமணம் பற்றி மாநிலத்தில் எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த இரண்டு பெயர்களும் அதில் வந்துவிடும். வறுமை என்று ஒரே வார்த்தையில் காரணத்தை முடித்துவிடுகிறார்கள். அது போதாது. ஏரியூர், பென்னாகரம், சித்தேரிப் பக்கம் அம்மா அப்பா இரண்டு பேரும் பெங்களூருக் கட்டட வேலைக்கோ, திருப்பூருக்கோ, மிளகுத் தோட்டத்துக்கோ போய்விடுவார்கள். வயதுக்கு வந்த பெண் கொட்டாயில் பாட்டியோடு இருப்பாள். பாட்டிக்கு ராத்திரி கண் தெரியாது. பக்கத்துக் கொட்டாய்க்கும் இவர்கள் கொட்டாய்க்கும் நடுவே அரை கிலோமீட்டர் ராகிக் காடு. ஊரில் எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தால் ஒன்பதாவதுக்கு பஸ் ஏற வேண்டும். பஸ் ஒரு வேளை வரும், ஒரு வேளை வராது. ஏதாவது ஒரு பையன் பைக்கில் குறுக்கே வந்தான் என்று யாராவது பெங்களூருக்கு போன் போட்டால் போதும், அடுத்த வாரம் பெற்றோர் வந்து இறங்கிவிடுவார்கள். அக்காள் மகளைத் தாய்மாமனுக்கும், அத்தை மகனுக்கு மாமன் மகளையும் கொடுப்பது இங்கே பழக்கமென்பதால் மாப்பிள்ளை தேடும் வேலையும் இல்லை. மஞ்சள் நீராட்டில் சீர் கொண்டுவந்து வைத்த கையே தாலியும் கட்டிவிடும். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது இந்த அவசரம் எத்தனை வீடுகளில் புகுந்தது என்பது இங்கே வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். பள்ளி திறந்த அன்று வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் பக்கத்து இருக்கைப் பிள்ளை எழுந்து, “அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்” என்று சொல்லும்.

இதில் சாதியின் பங்கை விட்டுவிட்டுப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அதற்கு முன்பும் பெண்பிள்ளைகளுக்கு இங்கே காவல் இருந்தது. அதற்குப் பிறகு காதல் என்ற சொல்லே தீப்பிடிக்கும் சரக்கானது. மகள் யாரையாவது விரும்பிவிடுவாளோ என்ற பயம், அவளுக்கு விரும்பத் தெரியும் முன்பே கட்டிக்கொடுத்துவிடும் அவசரமாக மாறுகிறது.

கிருஷ்ணகிரியின் மலைப்பக்கத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. தளி, அஞ்செட்டியைத் தாண்டினால் கர்நாடகம். இருபக்கமும் ஒரே சொந்தம். கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்த பேச்சு. இந்தப் பக்கம் 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்கு யாராவது போன் செய்தால், அந்தப் பக்கத்துக் கோயிலில் தாலி ஏறிவிடும். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்தியை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஓடும் வீடியோ எல்லோர் கைபேசியிலும் சுற்றியது. 14 வயது. கர்நாடகத்தில் கட்டிவைக்கப்பட்டவள், வாழப் பிடிக்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அவள் கதறுவது அந்த வீடியோவில் கேட்கிறது.

சரி, ஜூனோவுக்கு வருவோம். அவள் பென்னாகரத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தையைக் கர்ப்பமாக்குவது அந்தச் சட்டத்தில் கடுமையாக்கப்பட்ட குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. பொருத்தமே இல்லாத மஞ்சள் அரைக்கால் சட்டையில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ளீக்கருக்கு 18 ஆகியிருந்தால் 20 ஆண்டு கடுங்காவல். ஆகவில்லை என்றால் இளைஞர் நீதிக் குழுமம். 16 தாண்டியவன் என்றால், இவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்ற ஆய்வும் நடக்கும். தாலி கட்டிய கணவன் என்றாலும் தப்பிக்க முடியாது. மனைவிக்கு 18 ஆகாமல் உறவு கொண்டால் அது வன்புணர்ச்சியே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தச் சட்டம் கூடாது என்று சொல்ல வரவில்லை. மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று சிறுமிகளைச் சிதைத்தவர்கள் உள்ளே போனது இந்தச் சட்டத்தால்தான். 14 வயதுப் பெண்ணை 29 வயதுக்காரனுக்குக் கட்டிவைப்பதையும், பதினொன்றாவது படிக்கும் இரண்டு பேர் விரும்பிப் பழகுவதையும் இந்தச் சட்டம் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மகள் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் பெற்றவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதமாகவும் இதே சட்டம் ஆகிவிட்டது. இதைக் கவனித்துத்தான் விருப்ப உறவு வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார்.

அடுத்தது ஆஸ்பத்திரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், புதன்கிழமை தடுப்பூசி. செவ்வாய்க்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். மரப்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மடியில் மஞ்சள் பை. அதில் ஒருத்தி மட்டும் புடவை கட்டத் தெரியாமல் கட்டியிருப்பாள். கொசுவம் ஒரு பக்கம் தொங்கும். வயதைக் கேட்டால் பின்னால் நிற்கும் மாமியார், “பத்தொம்பது” என்பார். ஆதார் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். “நான் பள்ளிக்கூட டி.சி.யக் கேப்பேன்” என்றார் நர்ஸக்கா. “டி.சி.ன்னு சொன்னதும் அந்தப் புள்ள முகத்துல தெரிஞ்சிடும்.” ஏனென்றால் இங்கே கர்ப்பத்தைப் பதிவு செய்தால்தான் 12 இலக்க எண் கிடைக்கும், அந்த எண் இருந்தால்தான் பிறகு பிறப்புச் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்கும். பதிவு செய்ய வயது வேண்டும். வயது 17 என்றால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. அப்போது அனைத்து மகளிர் காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை, குழந்தைகள் நலக் குழு, பையன் ஜெயிலுக்கு, பெண் காப்பகத்துக்கோ அம்மா வீட்டுக்கோ. எல்லாம் ஒரே வாரத்தில்.

வீட்டுக்கு ஒரு அவசரம் என்றால் சட்டத்துக்கு வேறு ஒரு அவசரம். ஒரு வீடு அவளை ஒரு வாரத்தில் மனைவியாக்குகிறது. ஒரு நிலையம் அவளை ஒரு வாரத்தில் வழக்காக்குகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்பதில்லை. இந்தச் சங்கிலி தெரிந்துவிட்ட குடும்பங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. ஏழாவது மாதம் வரை பதிவு இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. பிரசவத்துக்கு வேறு மாவட்டம், இல்லையென்றால் எல்லை தாண்டி வேறு மாநிலம். முழுகாமல் இருக்கும் 16 வயது உடம்புக்கு மருத்துவர் கண்ணில் பட வேண்டிய தேவை 25 வயது உடம்பைவிட அதிகம். தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பு அது. பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் ஜன்னல் வழியே எறிந்த பிள்ளைக்கு ரத்தம் ஏற்கெனவே குறைவு. ரத்தக் கொதிப்பு, வலிப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று எல்லாம் இந்த வயதில் கூடுதல். குழந்தையும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்க வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் வரை தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 19 வயது முடியாதவர்களுக்குக் கிடையாது. குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் சத்து யாருக்கு முதலில் தேவையோ அவளுக்குத்தான் அந்தப் பணம் போய்ச் சேர்வதில்லை. தண்டனை மாமனாருக்கு என்று நினைத்து வைத்த விதி, அவள் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுகிறது.

கலைப்பது பற்றி இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் உலாவுகின்றன. கலைப்பதே சட்டவிரோதம் என்பது ஒன்று, மாத்திரை வாங்கிப் போட்டால் முடிந்தது என்பது இன்னொன்று. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது இதுதான்: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் உள்ளிட்ட சிலருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து அனுமதிக்கலாம். 18 ஆகாதவளுக்குக் காப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். சட்டம் இவ்வளவு இருந்தும் பயம் மருத்துவமனை வாசலில் நிற்கிறது. உள்ளே போனால் போலீஸ் வரும் என்ற பயம். அதைத் தணிக்கத்தான் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிடத் தேவையில்லை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வும் இதை வலியுறுத்தியது. இந்தத் தீர்ப்பை அரூரிலும் பாலக்கோட்டிலும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்கள்? நான் பேசிப் பார்த்த வரை, கேள்விப்பட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மருந்துக்கடைக் கணக்கு இன்னும் வேடிக்கை. உறவுக்குப் பிறகு மூன்று நாளுக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவச் சீட்டு இல்லாமலேயே விற்க மத்திய விதிகள் அனுமதிக்கின்றன. தமிழ்நாட்டுக் கடைகளிலோ அது கண்ணில் படுவதே அபூர்வம். மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே போட வேண்டிய கலைப்பு மாத்திரை மட்டும் தெரிந்தவர் மூலம் காகிதத்தில் சுற்றி வந்துவிடும். அதைப் போட்டுவிட்டு உதிரம் நிற்காமல் தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கு ராத்திரி ஆட்டோவில் தூக்கி வருவார்கள்.

ஜூனோ விளம்பரம் பார்த்து ஆள் தேடியது இங்கே நடக்காது. பிள்ளையை வளர்க்க முடியாத தாய் அதைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்தான் ஒப்படைக்க வேண்டும். பணம் கைமாறினால் எல்லோரும் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இந்த இடத்தில் மட்டும் ஒரு கருணை உண்டு. ஒப்படைத்த பிறகு மனம் மாற இரண்டு மாதம் தருகிறார்கள். அதற்குள் போய்க் கேட்டால் பிள்ளை திரும்பக் கிடைக்கும். இந்தக் கதை முழுக்க, யோசித்துக்கொள் அம்மா என்று சட்டம் அவளிடம் சொல்லும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. இன்னொன்று, 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இருக்கிறது. சிறுவயதில் கட்டிவைக்கப்பட்ட பெண், தனக்கு 20 வயது முடிவதற்குள் அந்தத் திருமணமே வேண்டாமென்று நீதிமன்றத்தில் ரத்து செய்துகொள்ளலாம். அதில் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. இதைச் சொன்னபோது நர்ஸக்காவே, “நெசமாவா?” என்றார். அத்தனை வருடச் சர்வீசில் அவருக்கே யாரும் சொல்லவில்லை.

தொட்டில் என்றால் தருமபுரிக்காரர்களுக்கு வேறு ஞாபகம் வரும். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல்லோடு தருமபுரிக்கும் வந்தது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்; பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகலாம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீடுகளுக்காக வைத்தது அது. மணமாகாத தாய்மார்களுக்கும் அதுவே ஒதுங்கும் இடமானது. அங்கே ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போக யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

படத்தில் ஒரு ஸ்கேன் அறைக் காட்சி வரும். வயிற்றில் கருவியை வைத்திருக்கும் பெண், சின்ன வயதில் தாயாகிறவர்களிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு கசப்பான வார்த்தை சொல்கிறாள். ஜூனோவின் சித்தி பொங்கி எழுந்து அவளை வார்த்தையால் வறுத்தெடுக்கிறாள். நம்மூர்த் தியேட்டரில் ஓடினால் விசில் பறக்கும் இடம். நர்ஸக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நானும் அப்படிப் பேசியிருக்கேன்” என்றார். “ஒழுங்கா படிக்கிற வயசுல உனக்கு எதுக்குடி இதுன்னு. கூட வந்த எந்தச் சித்தியும் என்னத் திட்டல. அவங்களும் சேர்ந்து திட்டினாங்க.”

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்கத்து வழக்கு ஒன்றில் ஒரு முடிவு சொன்னது. 14 வயதில் வீட்டைவிட்டு வந்து ஒருவனோடு வாழ்ந்து தாயான பெண். அவன் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. ஆனால் நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனுக்குச் சிறைத் தண்டனை விதிக்கவில்லை. அந்தப் பெண் இதைக் குற்றமாகவே பார்க்கவில்லை, அவளை நொறுக்கியது அதற்குப் பிறகு போலீசோடும் கோர்ட்டோடும் அவள் நடத்திய போராட்டம் என்று நீதிபதிகள் பதிவு செய்தார்கள். சமூகமும் குடும்பமும் சட்டமும் சேர்ந்து அவளைக் கைவிட்டதையும் ஒத்துக்கொண்டார்கள். என்ன வேண்டும் என்று அவளைக் கேட்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை வர வேண்டியிருந்தது. அதற்குள் அவள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள்.

தமிழ்நாட்டில் திருமண உதவித்தொகையாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022-இல் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். இந்த மாவட்டங்களில் அதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். காலை எட்டரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றால் போதும். கட்டிக்கொடுக்கக் காசு என்பது போய்ப் படிக்கக் காசு என்று ஆனதில் பெண்ணுக்கு மூன்று வருடம் கிடைக்கிறது. ஆனால் அது பன்னிரண்டாவதைத் தாண்டியவளுக்கு. எட்டாவதில் நிற்பவளுக்கு அது எட்டாத கொம்புத்தேன்.

படம் முடிந்து டீ போட்டுக் கொடுத்தேன். நர்ஸக்கா அவராகவே ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். வருடம் கேட்டேன், சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. முழுப் பரீட்சை முடிந்து, ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்திருந்தாள். கையில் பள்ளிக்கூடப் பை. உட்காரச் சொல்லி, மாதவிலக்குக் கணக்கை அறிய எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார்: கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாய்? பெரியவர்கள் அமாவாசை, மாரியம்மன் பண்டிகை, ஆடிப்பெருக்கு என்று கணக்குச் சொல்வார்கள். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அரைப் பரீட்சைல, கணக்குப் பரீட்சை அன்னிக்கு மேடம்” என்றாளாம்.

டிசம்பர் 18. நர்ஸக்கா சுவரில் இருந்த காலண்டரை எடுத்து மேசைமேல் வைத்து, விரலால் ஒவ்வொரு வாரமாகத் தள்ளி எண்ணினார். அவளும் கூடவே எண்ணினாள். பதினெட்டில் நின்றது.

“இப்ப சொல்லு, உனக்கு என்ன வேணும்னு கேட்டேன் தம்பி. அந்தப் புள்ள திரும்பிப் பாத்துச்சு, பின்னால வேற யாராச்சும் நிக்கறாங்களான்னு.”